பருந்தின் இரைக்கிரீடை: ஒரு விசாரம்

பிடித்த இரையை உடனே உண்ணாமல் ஆகாயத்தில் நழுவவிட்டு, அது தரை தொடுமுன் பாய்ந்து மறுபடியும் பற்றிக்கொள்ளும் பருந்தின் செய்கை கேவலம் விளையாட்டா, வயிற்றுப்பிழைப்பின் ஓர் அங்கமா என்னும் வினா, குமுளிக் கடைவீதியில் ஏலக்காய் விலைக்குக் கிடைக்கும் கௌரவத்தில் நூற்றில் ஒரு பங்கும் பெறாமல் கிடப்பதைச் சகியாமல், இவ்விசாரத்தை மேற்கொள்ளலாயினோம்.

பூர்வபட்சத்தார் முதலில் காட்டும் பிரத்தியட்சம் பெரியாற்று ஏரியின் பாம்புத்தாரா. 1895இல் அணை முடிந்து காடு மூழ்கியபோது பட்டுப்போய் இன்றும் நீருக்குமேல் நிற்கும் மரக்கட்டைகளில் சிறகுலர்த்தும் இப்பறவை, நீருள் முங்கிக் கூரலகால் குத்தியெடுத்த மீனைச் சுண்டி எறிந்து வாயில் ஏந்துவதைத் தேக்கடிப் படகில் வருவோர் கண்டு, விளையாடுகிறதென்று கைகொட்டுவர். தலை முன்னாக இறங்காத மீனின் முள் தொண்டையில் தைக்குமாதலால், அது வெறும் போஜன விதியே. (பாம்புத்தாரா பருந்தினமே அன்று என்பது வேறு சங்கதி.) விராலடிப்பான், பிடித்த மீனின் தலையை முன்னோக்கித் திருப்பி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பற்றிப் பறப்பதும் காற்றின் தடையைக் குறைக்கும் யுக்தியன்றி வினோதமன்று.

இனிச் சித்தாந்தம். இளஞ் செம்பருந்துகள் இலையொன்றை வானில் நழுவவிட்டுத் தாமே பாய்ந்து பிடிப்பதைப் பறவை நூலோர் பதிந்துள்ளனர். இலை எப்பருந்துக்கும் ஆகாரமன்றாதலால் இது கலப்பற்ற லீலை. அணை முடிந்த மறு ஆண்டே, 1896இல், ஜெர்மானிய அறிஞர் கார்ல் குரோஸ், பிராணிகளின் விளையாட்டெல்லாம் பிற்கால ஜீவனத்துக்கு ஒத்திகையென நூலெழுதினார். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டென நாம் சாதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றோ, கடற்காக்கைகள் சிப்பியை நழுவவிட்டு நடுவானில் பிடிப்பது இளம்பறவைகளிடமும் பலத்த காற்றிலும் மிகுதியென்று கண்டது. காற்றுக்குக் குமுளியில் என்ன பஞ்சம்?

இரையின் அபிப்பிராயத்தை எவ்வறிஞரும் கேட்டதில்லை. அதனினும் பெரிய சிக்கல் பாத்தியதை. 1886இல் 999 ஆண்டுக் குத்தகையாகச் சென்னை ராஜதானிக்குத் திருவிதாங்கூர் விட்ட இவ்வேரியின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு 1970இல் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்ததாகையால், விராலடிப்பான் கவ்விய மீன் ஐயமறக் கேரளத்துச் சொத்து. ஆனால் அது விளையாட்டாகவோ வினையாகவோ கால்நழுவி, சோதனைச்சாவடி தாண்டி லோயர் கேம்ப் செல்லும் மலைப்பாதையில் விழுந்து, அவ்வழி வரும் தேனி மாவட்டத்துப் பூனையொன்றின் வாய்க்குப் போய்ச் சேருமாயின் வழக்கு எம்மன்றத்தில் தொடுப்பது என்பதற்கு அவ்வொப்பந்தத்தில் ஷரத்து இல்லை.