கல் ஓரிடம், காயம் ஓரிடம்

மூதாதையரின் கல்லறையைத் தேடி இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வரும் கனவான்கள், கையில் வம்சாவளிப் பட்டியலுடன் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்து முற்றத்தில் குனிந்து, தேய்ந்துபோன லத்தீன் எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்து, பாட்டனார் அகப்பட்டுவிட்டாரென்று பரவசமெய்துவது கண்கொள்ளாக் காட்சி. பாட்டனார் அங்கே இல்லை என்பதை யார் போய்ச் சொல்வது? 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள், பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த பக்கம் இருந்த இடுகாட்டின் சமாதிகளை மறைவாகக் கொண்டு கோட்டையைத் தாக்கினமையால், அந்தச் சௌகரியம் சத்துருவுக்கு மறுபடியும் வாய்க்கலாகாதென்று ஆங்கிலேயர் பின்னர் சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்பலகைகளை மட்டும் தேவாலயத்துக்குக் கொணர்ந்து முற்றத்தில் தளமாகப் பாவிவிட்டார்கள்; அஸ்திகளை அழைத்துவர ஒருவருக்கும் தோன்றவில்லை. தப்பியவை இரண்டு. ஒன்று பௌனி குடும்பத்தாரின் சமாதி. மற்றொன்று, கவர்னர் எலிஹு யேல் தம் மைந்தன் டேவிட்டை, தம் மனைவியின் முதற் கணவரான ஹின்மர்ஸுடன் அடக்கம் செய்த கூர்நுனிக் கோபுரம். (இந்த பாந்தவ்யத்தை வம்சாவளியின் எந்தக் கிளையில் எழுதுவது?) அவ்விடத்து உயர் நீதிமன்றத்துக்கு வருவோரின் வாகனங்களை நிறுத்த இடம் போதவில்லையென்று, அதனையும் பெயர்த்து அப்புறப்படுத்துவது குறித்து 2023-இல் வழக்கே நடந்தது, சமாதிக்குள் இருக்கும் இருவரையும் கட்சிக்காரர்களாகச் சேர்க்கத்தான் மறந்துவிட்டார்கள்.