வாவி இசையும் வாகன இசையும்: மட்டக்களப்புப் பிரேக் ஒலிகள் குறித்த ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனுக்கு ஆய்வாளர் பஞ்சம் இருந்ததே இல்லை. 1848 செப்டெம்பரில் வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற் வள்ளத்தில் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். 1859இல் புத்தகத்திலும் எழுதினார். சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில், அந்த ஓசைக்காக நீரரமகளிரையே பாட வைத்தார். பின்னாளில் லாங் அடிகளார் அதைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி நாட்டுக்கே ஒலிபரப்பியது. ஆனால் அதே வாவியின் கல்லடிப் பாலத்துக்கு மேலே, பௌர்ணமி பாராமல், வள்ளம் பிடிக்காமல், எவரும் இலவசமாகக் கேட்கக்கூடிய பிரேக் இசை இன்னும் அநாதையாகவே கிடக்கிறது. அதைத் தத்தெடுக்கவே இக்கட்டுரை.

இரண்டும் ஒரே குடும்பம் என்பதை முதலில் நிறுவிவிடுவோம். தாம் கேட்டது, வைன் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் அதிர்வு போன்றது என்றார் டெனன்ற். அங்கே விரல் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும், கண்ணாடி அதிரும். பிரேக் பேட் டிஸ்க்கில் செய்வதும் அதையேதான். இந்த ஒட்டலும் வழுக்கலும் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடந்தால் வார்ப்பிரும்புத் தட்டு வாய்திறக்கிறது. ஆக, மீனைப் பற்றி எழுதப்போன டெனன்ற், கார்களே இல்லாத காலத்தில் பிரேக்கைப் பற்றியும் எழுதிவிட்டார். யாழ் நூலில் பிரேக்குக்கு இடமில்லாமற் போனதற்கும் காரணம் உண்டு: யாழ் விரலால் மீட்டப்படுவது, உரசிப் பாடுவதல்ல. விபுலாநந்தர் வயலின் நூல் எழுதியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

பருவ ஒப்பீடு இதைவிடச் சுவையானது. மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கினால் பாட்டு நின்றுவிடும் என்று மீனவர்கள் அன்றே டெனன்றிடம் சொல்லியிருக்கிறார்கள். பிரேக்கோ அப்போதுதான் கச்சேரியைத் தொடங்குகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக உப்பீரம் குடித்த கல்லடியில், இரவு நிறுத்திவைத்த காரின் டிஸ்க்கில் விடிவதற்குள் மெல்லிய துரு படிந்துவிடும். காலையில் ஓரிரு தடவை பிரேக் பிடிக்க அது கத்தும். துரு உரசுப்பட்டுப் போனதும் ஓயும். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இதை நாம் திருப்பள்ளியெழுச்சி வகை என்போம்.

இரண்டாவது வகைதான் கவனத்துக்குரியது. புதுப் பேட்டின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். அது தேய்ந்து 3 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கும்போது, பல பேட்களில் அதற்கென்றே பொருத்தியிருக்கும் சிறு உலோகத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். மழையென்றும் வெயிலென்றும் பாராது. சில வாகனங்களில் பிரேக்கில் கால் வைக்காமல் ஓடும்போதும் கேட்கும். தயாரித்தவனே உள்ளே ஒரு பாடகனை உட்கார வைத்து, “மாற்று, மாற்று” என்று பாடச் சொல்லியிருக்கிறான். நம்மவர் மறுமொழி எல்லோருக்கும் தெரிந்ததே: “மறுகா பாப்பம்.” ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது இதன் துணைச் சிகிச்சை. கீச்சை அடக்க எண்ணெய் விடுவோரும் உண்டு. எண்ணெய் பட்ட பேட் கத்தாமல் போகலாம், ஆனால் பிடிக்கவும் பிடிக்காது.

மூன்றாவது வகையில் இசை முடிந்து கறகறப்பு தொடங்கும். உராய்வுப் பொருள் தீர்ந்து, இரும்பு இரும்பை அரைக்கிறது. இனிப் பேட்டின் விலையோடு டிஸ்க்கின் விலையும் சேரும்.

இங்கே ஓட்டோக்காரர்கள் எதிர்வாதம் எழுப்பக்கூடும். அவர்களுடைய வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். உள்ளே லைனிங் ஒட்டிய ஷூ. மேற்சொன்ன எச்சரிக்கைப் பாடகன் அங்கே இல்லை. சத்தமே வராமல் லைனிங் தேய்ந்து போகலாம். மிதி முன்னைவிட ஆழமாக இறங்குவதை வைத்தே அறிய வேண்டும். மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பேட்டிலோ ஒரு பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். கோடு மறைந்தால் பேட்டின் காலம் முடிந்தது.

இத்தனை அலட்சியத்துக்கும் புவியியலே காரணம் என்பது என் துணிபு. மட்டக்களப்பு தட்டை நிலம். காத்தான்குடி பிரதான வீதியின் பேரீச்சை மரங்களைக் கடக்கும் வேகத்துக்கு அரைகுறைப் பிரேக்கே போதும். பிரச்சினை, அதே வாகனம் செங்கலடியில் திரும்பி ஏ-5 வீதியில் பதுளைக்கு ஏறும்போது பிறக்கிறது. ஏறும்போதுகூட அல்ல, இறங்கும்போது. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தேய்ந்த பேட் இன்னும் சீக்கிரம் சூடேறும். கியரைக் குறைத்து இறங்க வேண்டும் என்ற பாடத்தைத் தட்டை நிலம் யாருக்கும் கற்பிப்பதில்லை.

இறுதியாகக் கராச்சில் நிகழும் பேரம். பேட்டை எப்போதும் இரு சில்லுக்கும் சோடியாகவே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். கள ஆய்வில் செவிமடுத்த உரையாடல் இது:

“பாஸ், கத்திற பக்கத்த மட்டும் மாத்திவிடுங்களன்.”

“மாத்தலாம் மகன். மறுகா அந்தப் பக்கம் மட்டும்தான் நிக்கும்.”