வாத்தியாரம்மாவுக்கு ஒரு யோசனை

வாங்க வாத்தியாரம்மா, உட்காருங்க. போனும் கையுமா என்ன மும்முரம்? பிள்ளைங்களுக்குத் தேர்ச்சி அறிக்கை எழுதறீங்களா? நீங்க எங்க எழுதறீங்க, அந்த சாட்ஜிபிடில்ல எழுதுது! அடேங்கப்பா... என் பேரன் பேரு, வயசு, வாசிக்கும்போது திக்குறது, அப்பன் வீட்டுல தங்காதது, எல்லாத்தையும் தட்டிட்டீங்க. எதுக்குக் குறை வைக்கணும்? கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில கொடுத்த மருந்துச் சீட்டையும் படம் புடிச்சுப் போட்டுடுங்க.

சந்தைக்குப் போற கிழவிகிட்டச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள பெர்த்தாம் வரைக்கும் போயி, அதோட நின்னுடும். இதுகிட்டச் சொன்னது எங்க நிக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?

சட்டம் இருக்குங்கறீங்க. நம்ம மலேசியாவுல 2010ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடைக்காரனையும் வங்கிக்காரனையும் கட்டும். கூட்டரசையும் மாநில அரசையும் கட்டாது. 2024ல திருத்தினாங்க, அந்த விலக்கை மட்டும் தொடல. சாட்ஜிபிடி கம்பெனிக்காரனோ, 13 வயசு ஆகாதவங்க வரக்கூடாதுன்னே எழுதி வச்சிருக்கான். நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7லேருந்து 12. பிள்ளை நுழையக்கூடாத இடத்துக்கு அதோட ஜாதகத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கறீங்க. புண்ணியமாப் போவும்!

பேத்தி கதை இன்னும் ஜோரு. இடைநிலைப்பள்ளியில இங்கிலீஷ் கட்டுரை எழுதினா. மெஷின் எழுதினதுன்னு இன்னொரு மெஷின் தீர்ப்புச் சொல்லிடுச்சு. ராத்திரி முழுக்க இவ அழிச்சு அழிச்சு எழுதின தாளு எங்க வீட்டு மேசையில கெடக்கு. அதை யாரும் கேட்கல. 2023ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க இப்படி 7 மெஷினைச் சோதிச்சுப் பார்த்தாங்களாம். இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசாதவங்க தாங்களே எழுதின 91 கட்டுரையில, சராசரியாப் பாதிக்கு மேல உள்ளதை 'இது மெஷின் எழுதினது'ன்னு சொல்லிடுச்சு. நம்ம பிள்ளைங்க தெரிஞ்ச வார்த்தையில எளிமையா எழுதும். அந்த எளிமைதான் குத்தமாம். சாட்ஜிபிடி செஞ்சவங்களே அந்த வருசம் ஜூலையில, தங்களோட கண்டுபிடிப்பு மெஷின் சரியாப் புடிக்கலைன்னு மூடிட்டாங்க. செஞ்சவன் நம்பாததை நம்ம ஊரு வாத்தியாருங்க நம்புறாங்க. பெரிய மனசு!

இந்தக் கிழவன் சொல்றதையும் கேளுங்க. பேரு, வீட்டுக் கதை, நோய் எதையும் தட்டாதீங்க. 'ஒரு பையன்'னு போட்டாப் போதும். இடைநிலைப்பள்ளியில இருக்கிற உங்க ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க: சந்தேகம் வந்தாப் பிள்ளையைக் கூப்பிட்டு, எதிர்ல உட்கார வச்சு ஒரு பத்தி எழுதச் சொல்லட்டும். கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். அதுக்கு மெஷினும் வேணாம், மாசச் சந்தாவும் வேணாம்.