ஃபீஸ் இல்லாத கோச்சிங்

மருமகனே, லீவுக்கு வந்த பிள்ளையைக் கொஞ்சம் சும்மா விடப்பா. காலையில செல்போன்ல அபாகஸ், மத்தியானம் கீபோர்டு, சாயங்காலம் செஸ். கலெக்டருக்குக்கூட இத்தனை மீட்டிங் இருக்காது. நடுவுல பத்து நிமிசம் கிடைச்சா, "போரடிக்குது தாத்தா"ங்கிறான்.

எதிர்வீட்டுக் கொத்தனார் மகனைப் பாரு. பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு 2022ல வந்ததுல இருந்து அவுக ஆத்தா விடியமுன்ன வேலைக்குப் போயிருது. பய சாயங்காலம் தங்கச்சியை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்கரையில நிப்பான். ஆத்தா கூப்பிடுறது ஒரு தடவைதான்; ரெண்டாவது வர்றது விளக்குமாறு. உன் வீட்டுலயோ பல்லு வெளக்கவே சமாதானப் பேச்சுவார்த்தை!

செல்லம்னு நெனச்சிராத. அந்தப் பேச்சுவார்த்தையிலதான் உன் பய வக்கீல் தொழில் கத்துக்கிறான். அன்னிக்கு ஆஸ்பத்திரியில, "ஊசி எதுக்கு, மாத்திரை போதாதா?"ன்னு டாக்டரையே மடக்குனான். அவரும் சிரிச்சுக்கிட்டே மாத்திரை எழுதினாரு. அடுத்துப் போன கொத்தனாரு துண்டைக் கக்கத்துல இடுக்கி மூணு தரம் "சரிங்கய்யா". பக்கத்துல மகனும் கையைக் கட்டிக்கிட்டான். வெளிய வந்து என்கிட்டக் கேக்குறாரு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தின்னு!

அனெட் லாரோன்னு ஒரு அமெரிக்க அம்மா, வீட்டு வீட்டுக்குப் போய் உக்காந்து பார்த்து, 2003ல இதைத்தான் புத்தகமாப் போட்டாகளாம். காலேஜ் படிக்கிற பேத்தி சொல்றா. வசதியுள்ளவுக பிள்ளையைத் திட்டம் போட்டு வளக்குறாக. இல்லாதவுக தானா வளரட்டும்னு விடுறாக. தானா வளர்ற பிள்ளைக்குப் பொழுது போக்கத் தெரியுது. ஆனா பள்ளிக்கூடமும் ஆபீசும் நாற்காலி போடுறது கேள்வி கேக்குற பிள்ளைக்குத்தானாம்.

தனியார் பள்ளியில ஏழைப் பிள்ளைக்கு 25 சதவீத இடம்னு 2009லயே சட்டம் போட்டாச்சு. இடத்தைச் சட்டம் குடுத்துரும். "புரியல சார்"னு எந்திரிச்சுக் கேக்குற தைரியத்தை எந்தப் பிரிவுல எழுதுறது?

ஒரு ரோசனை சொல்றேன். உன் மகன் கையில காசைக் குடுத்துக் கடைக்கு விடு. மீதிச் சில்லறையை அவனே எண்ணி வாங்கட்டும். பின்னாடியே செல்லைத் தூக்கிக்கிட்டு ஓடாத. கொத்தனார் மகனை பேங்குக்குக் கூட்டிட்டுப் போ. அவுகப்பன் பாஸ்புக்குல என்ன பிடிச்சிருக்காகன்னு அவனே கேக்கட்டும். நீ வாயைத் தொறக்காத.

காசில்லாத பாடமாச்சே, தேறுமான்னு யோசிக்கிறியா? மாசம் ஆயிரம் ரூவா என்கிட்டக் கட்டிரு மாப்ள. அப்பத்தான் உனக்கு நம்பிக்கை வரும்.