டேப் ஒட்டும் திட்டத்தின் மேலாண்மை

ரெங்கத்துக்குத் தெற்கே, கூலாய்க்கு வடக்கே, ரயில் பாதையோரம் இருக்கிறது லாயாங் லாயாங். சுற்றிலும் செம்பனை. இந்த வட்டாரத்துச் சிறிய பள்ளியொன்றில் நூலகக் குழு என்றால் யார் யார்? பாடமும் நடத்தி நூலகமும் பார்க்கிற ஓர் ஆசிரியை. ஓய்வு நேரத்தில் வந்து புத்தகம் அடுக்கிக் கொடுக்கும் நாலைந்து பிள்ளைகள். இந்தப் பட்டாளத்தைக் கட்டி மேய்க்கத்தான் திட்ட மேலாண்மை மென்பொருள் வேண்டுமாம்.

வேண்டும்தான். எந்த வேலை யார் தலையில் என்பது திரையில் வண்ண அட்டைகளாகத் தெரிய வேண்டாமா? முதல் அட்டை: முதுகு கிழிந்த புத்தகங்களுக்கு டேப் ஒட்டுதல். பொறுப்பு: ஆசிரியை. இரண்டாம் அட்டை: டேப் வாங்குதல். பொறுப்பு: ஆசிரியை. மூன்றாம் அட்டை: டேப் வாங்கிய காசைக் கேட்டுக் கடிதம் எழுதுதல். பொறுப்பு: ஆசிரியை. நான்காம் அட்டை: மேற்கண்ட மூன்று அட்டைகளையும் நாள்தோறும் புதுப்பித்தல். பொறுப்பை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நான்காவது அட்டைக்கு நேரம் ஒதுக்கியதால் முதல் அட்டை அப்படியே கிடக்கிறது என்பதைச் சிவப்பு வண்ணத்தில் காட்டிக்கொடுக்கும் வசதியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம்.

நமக்கு இது புதிதா என்ன? ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டில் கிராணி செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிட்டார், மண்டோர் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தார், வெட்டி முடித்துப் பாலை நிறுத்து ஏட்டில் ஏற்றினார்கள். ஒரு தோட்டமே ஒரு பென்சிலில் ஓடியது. துரைமார் ஆட்சியை நான் புகழவில்லை. அந்த ஏட்டில் கிடந்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதில் பேர் ஏறினால் அரைக்கூலியாவது வந்தது. இன்றைய ஏட்டில் ஏறினால் 'தரவு முழுமை' என்று ஒரு பச்சைக் குறி வரும்.

சரி, தேர்ந்தெடுப்போம். டிரெல்லோ என்றொரு பலகை 2011இல் வந்தது. 2017இல் அட்லாசியன் நிறுவனம் அதை 425 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பத்துப் பேருக்கு உட்பட்ட குழுவுக்கு இலவசம். நம் பட்டாளத்துக்குத் தாராளம். ஆனால் இலவசமாகக் கிடைப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒப்பந்தம் எங்கே, திறப்பு விழா எங்கே, மாலை யார் கழுத்தில் விழுவது?

ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை மறக்க விட மாட்டேன். ஒன் பெஸ்தாரிநெட். பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் இணையவழிக் கற்றல் தளமும் தருவதாகப் போட்ட திட்டம். மதிப்பு ஏறக்குறைய 4 பில்லியன் ரிங்கிட். முதற்கட்டத்துக்கு மட்டும் 663 மில்லியன். ஃபுரோக் விஎல்இ என்ற அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை நாட்டுக்கே சொன்னது. சொல்லியும் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2019 நடுவில்தான் கல்வி அமைச்சு அதைக் கைவிட்டுக் கூகல் கிளாஸ்ரூமுக்குத் தாவியது. அதாவது, இலவசத்துக்கு! இத்தனை ஆண்டும் கடவுச்சொல் மறந்ததற்குத் திட்டு வாங்கியவர் யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரா? டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்தான்.

வாசிப்பையாவது விட்டுவைத்தார்களா? 1999 முதல் நடக்கிற நீலாம் திட்டத்தில் பிள்ளை படித்த புத்தகத்தின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஏட்டில் எழுதியது. இப்போது அயின்ஸ் தளத்தில் பதிய வேண்டும். லைன் கிடைக்காத வீட்டுப் பிள்ளை நூறு புத்தகம் படித்தாலும் கணக்கில் சுழியம்தான். லைன் உள்ள வீட்டில் அட்டையை மட்டும் பார்த்தவன் வாசிப்பு வீரன்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்றொரு வட்டாரம். அதன் சிறிய நூலகங்களில் ஓடிய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்தால் படுத்துவிடும் என்ற நிலை. நூலகர்கள் 1999இல் தங்களுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து சொன்னார்கள். உள்ளூர் நிறுவனமொன்று எழுதிக் கொடுத்தது. கோஹா என்ற நூலக மென்பொருள் பிறந்தது. அதை உலகத்துக்கே இலவசமாக விட்டார்கள். அங்கே நூலகரைக் கேட்டார்கள். இங்கே நூலகருக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்று 1931லேயே விதி எழுதிவைத்த நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் உயிரோடிருந்தால், அவரையும் ஒருநாள் பயிற்சிக்கு அழைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

லாயாங் லாயாங் ஆசிரியைக்கு என் பரிந்துரை ஒரு வெள்ளைப்பலகையும் ஒரு மார்க்கரும். புத்ராஜெயாவில் அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேனா திறந்து வைத்திருக்கும் பெரியவர்களே, மூடி வையுங்கள். அந்த ஆசிரியைக்கு வாரத்தில் நான்கு பாடவேளையைக் குறைத்துக் கொடுங்கள். அதற்கு மென்பொருள் வேண்டாம்; ஒரு சுற்றறிக்கை போதும்.