சம்பளத்துக்கு நட்சத்திரம்

கே: மகன் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. லீவில் நட்சத்திரம் பார்க்கப் போகிறானாம், அதற்குப் பணமும் தருவார்களாம். நம்பலாமா?
– ஒரு தகப்பன், விருதுநகர்

ப: பணத்தை நம்பலாம், நட்சத்திரத்தைத்தான் நம்ப முடியாது! நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை. உதவித்தொகையோடு ரயில் கட்டணமும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் (டி.ஐ.எஃப்.ஆர்.) இதுபோல ஒன்று இருக்கிறது. (காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் 'இன்டர்ன்ஷிப்'புகளும் ஊரில் ஓடுகின்றன. உஷார்.)

ஆனால் பையன் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை, குனிந்து கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பான். பைத்தான் நிரலில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதை ராத்திரி இரண்டு மணி வரை தேடுவான். அலுப்பான வேலைதான். அதில்தான் புதையலும் கிடைக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டேவிட் நார்கெவிக் என்ற இளநிலை மாணவரிடம் பழைய ரேடியோ தொலைநோக்கிப் பதிவுகளைச் சலிக்கச் சொன்னார் பேராசிரியர் லோரிமர். 2001இல் பதிவாகி யாரும் கவனிக்காமல் கிடந்த, 5 மில்லி விநாடிகூட நீடிக்காத ஒரு துடிப்பு மாணவர் கண்ணில் பட்டது. 2007இல் கட்டுரை வெளியானது. அதிவேக ரேடியோ வெடிப்பு என்ற புதுத் துறையே பிறந்தது.

அந்தத் துடிப்புக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? 'லோரிமர் வெடிப்பு'!