மீட்டருக்கு இப்பால் நின்றபடி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மின் நுகர்வோர் ஒருவர். நுகர்ந்ததில் பெரும்பகுதி மீட்டர் வழியாக. சிறுபகுதி உள்ளங்கை வழியாக.

பெறுநர்: மின் விபத்துகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள். (கேட்ட அலுவலகம் ஒவ்வொன்றும் பக்கத்து அலுவலகத்தைக் கைகாட்டியதால் பதவியும் முகவரியும் காலியாக விடப்பட்டுள்ளன.)

பொருள்: உயிர் போகாத ஷாக்குகளைக் குறித்துவைக்கப் பதிவேடு ஒன்று திறக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: பெஞ்சமின் பிராங்க்ளின் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதம், நாள் 25.12.1750.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட கடிதத்தைத் தங்கள் அலுவலகத்தில் தேட வேண்டாம். அதன் சாரம் இதுதான்: கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால் பிராங்க்ளின் ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்லப் பார்த்தார். பெரிய கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருந்தார். கூட்டம் சுற்றி நின்று பேச்சுக் கொடுக்க, கவனம் பிசகியது; வான்கோழிக்கு வைத்திருந்தது அவருக்கே கிடைத்தது. உடம்பெல்லாம் குலுங்கியதையும் கை மரத்துப்போனதையும் விவரமாக எழுதிய அந்த மேதை, இதை ஊரில் பரப்பிவிடாதே, வெட்கமாக இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டார்.

ஷாக் அடித்தால் வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் இப்படி மேலிடத்திலிருந்தே தொடங்கியிருப்பதால், நம் வீடுகளில் மட்டும் அதை மாற்றுவது கடினம் என்பதை மனுதாரர் உணர்கிறார். நம் ஊரில் ஷாக் அடித்தவர் முதலில் கையை உதறுவார். அடுத்து யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். பார்த்திருந்தால் சிரிப்பார். “ஒண்ணுமில்ல, லேசாத்தான் அடிச்சுது” என்பதோடு விசாரணை முடிந்து கோப்பு மூடப்படும்.

மனுதாரர் குடும்பத்தின் கோப்பை இனி திறக்கலாம்.

மனுதாரரின் அத்தை வீட்டில் கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று உண்டு. கல்லைக் குறை சொல்ல முடியாது. இட்லி இன்றைக்கும் பூப்போல வருகிறது. ஆனால் ஈரக்கையோடு மாவைத் தள்ளும்போது எவர்சில்வர் தொட்டியிலிருந்து விரல் வழியாக முழங்கை வரை சுருக்கென்று ஏறும். அத்தை இதற்குக் கண்ட தீர்வு ஒரு மணைப்பலகை. கிரைண்டர் முன்னால் பலகை, பலகை மேல் ரப்பர் செருப்பு, செருப்பு மேல் அத்தை. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதல் வாரமே பாடம் நடந்தது: “நாலுக்கு ஒண்ணு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். பலகை மேல நின்னு தள்ளும்மா, கீழ நிக்காத.” ஷாக் அந்த வீட்டில் மாவரைக்கும் செய்முறையில் சேர்ந்துவிட்டது.

ஃப்ரிட்ஜுக்கும் முன்னால் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். யாருடையது என்று விருந்தாளி கேட்டால், “ஃப்ரிட்ஜோடது” என்று பதில் வரும்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் இல்லை. வந்தார், ஃப்ரிட்ஜ் கதவில் டெஸ்டரை வைத்தார், உள்ளே சிவப்பாக எரிந்தது. “பாடில கரண்ட் வருது சார்” என்றார். டெஸ்டர் இல்லாமலே வீட்டில் அனைவருக்கும் தெரிந்த செய்தி அது. பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். எர்த் பின் இல்லை. பழைய டூ பின் சாக்கெட்டில் நுழைவதற்காக யாரோ எப்போதோ அதை ஒடித்திருந்தார்கள். அவர் பிளக்கைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார், அடிப்பது நின்றது. கூலியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தடவை யாராவது பிளக்கைப் பிடுங்கி மாட்டும் வரை எல்லாம் நலமே.

அந்த எர்த் பின்னைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசகர்களுக்காக ஒரு வரி. அது மற்ற இரண்டு பின்களைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும் வேண்டும் என்பதற்காக. வெளிக்கூட்டில் கசியும் மின்சாரம் ஆள் வழியாகப் போகாமல் பச்சை வயர் வழியாக மண்ணுக்கு இறங்க அதுதான் வாசல். அந்தப் பச்சை வயர் பல வீடுகளில் சுவிட்சு போர்டு வரை வருகிறது. அங்கே நுனி சுருட்டி வைக்கப்பட்டு ஓய்வெடுக்கிறது. பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தார்கள், கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மனுதாரரின் நண்பர் வசிக்கும் அடுக்ககத்தில் எர்த் குழி எங்கே என்று விசாரித்தபோது, காவலாளி கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். மேலே கான்கிரீட், அதன் மேலே டைல்ஸ், அதன் மேலே செயலாளரின் கார்.

மின்சாரம் வீணாவதில் தங்கள் துறைக்கு அக்கறை அதிகம் என்பதால் மனுதாரர் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார். 230 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர், அரை விநாடி என்று வைத்துக்கொண்டால், அத்தையின் உடம்பு உட்கொண்டது சுமார் 0.575 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, அத்தை அறுபத்திரண்டு லட்சம் தடவைக்கு மேல் கையை வைத்தால்தான் மீட்டரில் ஒரு யூனிட் ஓடும். நம் மாநிலத்தில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு குடும்பம் அறுபத்திரண்டு கோடி ஷாக்குகளைக் கட்டணமின்றி அனுபவிக்கலாம். இப்படியொரு சலுகை கையில் இருந்தும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் போடாதது வியப்பளிக்கிறது.

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, அது விழாதா என்று தாங்கள் கேட்கலாம். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் இழுத்தால்தான் அசையும். ஆளைக் கொல்ல 30 மில்லி ஆம்பியரே போதும் என்னும்போது, இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு மடங்குக்கு மேல் தூரம். எம்.சி.பி.யும் பழைய பீஸ் கட்டையும் சுவருக்குள் இருக்கும் வயர் உருகாமல் காப்பதற்கானவை. வயருக்கு இருக்கும் பாதுகாப்பு, வயரைத் தொட்டவருக்கு இல்லை.

“கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு” என்று ஊரில் சொல்வார்கள். பிடித்துக்கொள்வது கரண்ட் அல்ல, நம் விரல்கள்தான். முன்கையில் விரலை மடக்கும் தசைக்கு நீட்டும் தசையைவிட வலு அதிகம். மின்சாரம் இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கும்போது மடக்கும் தசை வென்றுவிடுகிறது. கை கம்பியை விடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இதையே வருடக்கணக்கில் ஆராய்ந்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் மனம் விடச் சொன்னாலும் கை கேட்காது. நம் வீடுகளில் கிரைண்டரையும் ஹீட்டர் ராடையும் துவைக்கும் இயந்திரத்தையும் அதிகம் தொடுபவர் யார் என்பதை இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தாங்கள் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

டால்சீல் எண்களோடு நிற்கவில்லை. 1961இல், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார். அந்த வகையைச் சேர்ந்ததுதான் இன்று நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் கிடைப்பது. அதன் வேலை எளிது: ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கணக்கில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், குறைந்தது யார் வழியாகவோ, எதன் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். இந்த 30 என்ற அளவை மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளே வீட்டு இணைப்புகளுக்குச் சொல்லிவிட்டன. விதி டெல்லியிலிருந்து புறப்பட்டுவிட்டது. அத்தை வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அத்தை வீட்டு ஷாக்கைச் சொல்ல மின் அலுவலகத்துக்குப் போனபோதுதான் மனுதாரருக்கு எல்லைக்கோடு பற்றித் தெரியவந்தது. “மீட்டர் வரைக்கும்தான் எங்க பொறுப்பு. அதுக்கு அப்புறம் உங்களோடது” என்றார் அலுவலர். நியாயம்தான். மனுதாரர் எதிர்க்கவில்லை. ஆனால் மீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நிலைமை என்று பார்க்கத் தெருவில் இறங்கினார். பில்லர் பாக்ஸின் கதவு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் கயிறும் இல்லை. திருவிழா சீரியல் செட்டின் வயரைத் தோல் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். ஸ்டே கம்பியில் கொடி கட்டி ஒருவர் வேட்டி காயப்போட்டிருந்தார்.

இந்த இடத்தில் பகடிக்கு வேலை இல்லை. 2017 நவம்பர் முதல் தேதி சென்னை கொடுங்கையூரில், மழை பெய்த தெருவில் விளையாடப் போன இரண்டு சிறுமிகள் தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். மின்சாரம் தாக்கி இறந்தோர் என்ற தலைப்பில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நாடு முழுவதற்கும் கணக்கு வெளியிடுகிறது. 2018 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த எண் 12,000ஐத் தாண்டியது.

ஆக, இறந்தவர்களை எண்ணுகிறோம். அடி வாங்கி நிற்பவர்களை எண்ணுவதில்லை. இத்தனைக்கும் அரசாங்கம் அவர்களை எண்ணிய முன்னுதாரணம் உண்டு. 1746இல் பிரான்சில் அபே நோலே என்ற பாதிரியார், பதினைந்தாம் லூயி மன்னரின் முன்னால் காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து ஜாடியிலிருந்து மின்சாரம் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள். மன்னர் மகிழ்ந்தார். வீரர்கள் எத்தனை பேர் என்பது பதிவாகியிருக்கிறது: 180. ஒருவரும் சாகவில்லை, ஆனாலும் எழுதிவைத்தார்கள்.

தவிர, உயிர் போகாத அடியையும் குறிக்க வேண்டும் என்பது தங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161. உயிர் போன விபத்தை மட்டும் அது சொல்லவில்லை. உயிர் போயிருக்கக்கூடிய விபத்தையும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆடு மாடு வரைக்கும் அதில் சேர்த்தி. பலகையிலிருந்து அத்தை ஒரு கால் கீழே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மின் பொறியியல் முதலாமாண்டு மாணவரும் சொல்வார். ஈரமான உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தால், ஃபேஸ் நேராகத் தொட்ட கணத்தில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். அத்தைக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் இருப்பது ஒரு தேய்ந்த செருப்பு. இது பிரிவு 161இல் வருமா வராதா என்பதைத் தாங்கள் எழுத்துமூலம் தெரிவித்தால், குடும்பத்தார் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிரைண்டருக்கு மேலே மாட்டத் தயாராக இருக்கிறார்கள்.

ஆகவே மனுதாரர் கோருவது பெரிதாக ஒன்றுமில்லை. பிரிவு அலுவலகம்தோறும் ஒரு நோட்டு. “பாடில கரண்ட் வருது” என்று யார் வந்து சொன்னாலும், “எங்க பொறுப்பில்ல” என்று சொல்வதற்கு முன்னால், தெருப் பெயரும் எந்தச் சாதனம் என்பதும் அதில் ஏற வேண்டும். ஒரே தெருவில் பல வீடுகளில் குழாயைத் தொட்டாலே அடிக்கிறது என்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கலாம் என்று அந்த நோட்டு சொல்லும். வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கணக்கெடுக்க வருபவர் ரீடிங் எடுக்கும்போதே, ஆர்.சி.சி.பி. உண்டா என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதன் விலை ஒரு நல்ல மிக்சியின் விலைக்குள் அடங்கும். ஏழை வீடுகளுக்கு மிக்சியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்த மாநிலம் இது. அந்த வரிசையில் இதையும் சேர்க்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்களுக்கும், இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும். ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அதன் முகப்பில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இன்று மாலை கம்ப்யூட்டரை அணைத்த பிறகு அதை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கைப்பிடி உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான். தாமதிக்காமல் ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்